அளவுகோலைப் பிடித்த கை

நடந்தவை இவை.

1. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் அண்ணா கொழும்பிலிருந்து அகதிகளோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார். கையில் ஒரு கமரா மட்டும் இருந்தது.
2. அடுத்த வருடம் பழைய ஆலைகளைப் படம் எடுக்கத் தொடங்கினார்.
3. 1990இல் வசாவிளானை விட்டு வெளியேறினோம். அதுவரை எடுத்த எல்லாப் படங்களின் நெகற்றிவ்களும் வீட்டில் நின்றுவிட்டன.
4. புத்தூரில் இருந்துகொண்டு திரும்பவும் தொடங்கினார்.
5. சென்ற வருடம் மாசியில் வல்வெட்டித்துறையில் ஓர் ஆலையை எடுத்தார். அதுவே கடைசிச் சுருள்.
6. அந்தச் சுருளைக் கழுவ மருந்து வாங்குவதற்காக வவுனியா போனார். நான் எழுதிக் கொடுத்த பட்டியலோடு போனார்.
7. மருந்து இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல், காய்ச்சலோடு திரும்பினார்.
8. பதினோராம் நாள் காலமானார்.
9. இந்த வருடம் மாசியில் சுருளை நான் கழுவினேன்.

ஆறாவதில் இரண்டாம் வாக்கியம் வேண்டாம் என்று அம்மா சொன்னார். அதை எடுத்துவிட்டால் ஏழாவது ஏன் நடந்தது என்று விளங்காது. ஆகவே விட்டிருக்கிறேன்.

இந்த நினைவு மலரைப் பிரித்தவர்கள் முதற் பக்கத்தில் அண்ணாவின் முகத்தைத் தேடியிருப்பீர்கள். அங்கே ஒரு பெரிய இரும்புச் சக்கரமும், அதன் அருகில் நிமிர்த்தி வைத்த அளவுகோலும், கோலைப் பிடித்த ஒரு கையும், ஒரு தோளும், மறுபக்கம் திரும்பிய தலையும் கோட்டுப் படமாக இருக்கின்றன. அச்சகத்தில் வேறு யாருடைய அச்சுக் கட்டையையோ மாறி வைத்துவிட்டார்கள் என்று சிலர் நினைக்கக்கூடும். மாறவில்லை. அந்தத் தலை அண்ணாவுடையது.

அண்ணா வசாவிளானில், செம்மண் தோட்டக் காணியில், புகையிலையும் வெங்காயமும் செய்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்கு வயது பதினேழு, எனக்கு ஆறு. படிப்பை நிறுத்திக் கொழும்பில் ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். எட்டு வருடங்கள் மற்றவர்கள் எடுத்த படங்களைக் கழுவினார். நான் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய்ப் படவரைதல் படித்தது அந்த இருட்டறையில் அவர் பழகிய தொழிலின் தயவால்தான்.

எண்பத்து மூன்றில் ஸ்ரூடியோ எரிந்தது. கப்பலால் இறங்கி வந்தவரிடம் உடுப்புப் பெட்டி எங்கே என்று அம்மா கேட்க, சாரத்தில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்த கமராவை அவிழ்த்துக் காட்டினார். பிறகு சுன்னாகத்தில் ஒரு ஸ்ரூடியோவில் சேர்ந்து கலியாண வீடுகளுக்கும் அடையாள அட்டைகளுக்கும் படம் எடுத்தார். இதைப் படிக்கும் பலருடைய கலியாணப் படங்கள் அவர் எடுத்தவை. அவற்றில் எதிலும் அவர் இல்லை. கலியாண வீட்டில் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்பவர் எப்போதும் கமராவுக்குப் பின்னால்தான் நிற்பார்.

ஆலைகளில் அவருக்கு ஈடுபாடு வந்தது தற்செயலாக. ஊரில் நெல்லுக் குத்தும் மில் வைத்திருந்த ஒருவர் எஞ்சினை விற்பதற்காக அதன் படம் ஒன்று கேட்டார். ஒரு படம் எடுக்கப் போனவர் முழுச் சுருளையும் முடித்துவிட்டு வந்தார். கழுவிப் பார்த்தபோது, எஞ்சின் தகட்டில் பல தடவை பூசிய வர்ண மைக்குக் கீழே, பக்கவாட்டு வெளிச்சத்தில் வேறோர் ஆலையின் பெயரும் ஊரும் மேடுகட்டித் தெரிந்தன. எஞ்சின் எங்கள் ஊருக்கு வருமுன் சாவகச்சேரிப் பக்கம் ஓர் ஆலையில் ஓடியிருக்கிறது. உரிமையாளருக்கே அது தெரியாது. அடுத்த ஞாயிறு அண்ணா அந்த ஆலையின் இடத்தைத் தேடிச் சைக்கிளில் போனார். மாமரத்துக்குக் கீழே அத்திவாரம் மட்டும் இருந்தது. அதையும் எடுத்தார்.

அதற்குப் பின் அது நின்றதில்லை. நெல் மில், எள்ளுச் செக்கு, மிளகாய் அரைக்கும் மில் என்று எது பழையது என்று கேள்விப்பட்டாலும் போவார். நான் கூடப் போய் அளந்து வரைவேன். ஒவ்வோர் ஆலையிலும் கேட்பதற்காகப் பதினாறு கேள்விகள் கொண்ட தாள் ஒன்று தயாரித்துக் கொடுத்தேன்: கட்டியவர் யார், காணி யாருடையது, எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று. அண்ணா தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“முதல் நாள் இஞ்சை நெல்லுக் கொண்டந்தது ஆர்?”

கட்டியவரைக் கேட்டால் பெருமை பேசுவார்கள், காணியைக் கேட்டால் வழக்கு வரும், முதலில் வந்தவரைக் கேட்டால் கதை வரும் என்பார். அது உண்மை. பதினாறு கேள்விகளின் பதில்களும் அந்த ஒன்றுக்குள்ளேயே வந்துவிடும். நான் வீட்டுக்கு வந்து அவற்றைப் பிரித்து உரிய இடங்களில் நிரப்புவேன்.

எங்கள் வேலைமுறையில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு படத்திலும் ஓர் ஆள் ஆறடிக் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அடிக்கு அடி கறுப்பும் வெள்ளையுமாக அதற்கு மை பூசியது நான். பெரும்பாலும் கோலோடு நின்றதும் நான்தான். கமராவைப் பார்த்தால் அண்ணா எடுக்கமாட்டார். “என்னைப் பாராதை பிள்ளை, கோலைப் பார். நீ இஞ்சாலை பாத்தா, படத்தைப் பாக்கிற சனமும் உன்னைத்தான் பாக்கும். மில்லை ஆர் பாக்கிறது?” என்பார். அதனால் அத்தனை ஆலைகளிலும் என் முகம் பக்கவாட்டில்தான் இருக்கும்.

தொண்ணூறில் வெளியேறியபோது இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரையும் போல நாங்களும் நினைத்தோம். அண்ணா கமராவையும் குறிப்புக் கொப்பியையும் எடுத்தார். நெகற்றிவ்கள் இருந்த தகரப் பெட்டி பாரம் என்று கட்டிலுக்குக் கீழே விட்டார். வீட்டிலிருந்த குடும்பப் படங்களும், அண்ணாவின் பள்ளிக்கூடப் படமும், என் வரைபடங்களும் அப்படியே நின்றன. ஊர் இராணுவத்திடம் போய் ஐந்து வருடங்களாகிவிட்டன. அந்த ஊர்களின் ஆலைகளுக்கும் போக முடியாது, அவற்றின் படங்களிடமும் போக முடியாது.

புத்தூருக்கு வந்தபின் பிலிமும் இல்லை, மருந்தும் இல்லை. பற்றரி, மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் தடை. ஸ்ரூடியோ மூடப்பட்டது. அண்ணா சைக்கிள் டைனமோவில் றேடியோ பாடச் செய்து கொடுத்துப் பிழைத்தார். டீசல் இல்லாமல் மில்கள் நிற்க, கைவிட்டுக் கிடந்த மாட்டுச் செக்குகள் சில திரும்பவும் சுற்றத் தொடங்கின. “பாத்தியே, நான் தேடிப் போனது இப்ப தானா என்னைத் தேடி வருது” என்று அண்ணா சிரித்தார். சிரித்தாரே தவிர, எடுக்கக் கையில் பிலிம் இல்லை. மூடிய ஸ்ரூடியோக்களில் மிஞ்சிய சுருள்களை ஒன்று ஒன்றாகக் கேட்டு வாங்கி, ஓர் ஆலைக்கு மூன்று படம், நாலு படம் என்று எண்ணி எடுத்தார்.

கடைசிச் சுருளில் மட்டும் அந்தக் கணக்கு மீறி, பாதிக்கு மேல் வல்வெட்டித்துறை ஆலை. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்ற நெல் மில் அது. அதன் எஞ்சினை முப்பது வருடங்களுக்கு மேல் ஓட்டியவர் இராசு அண்ணை. டீசல் இல்லாததால் எஞ்சின் நின்று துருப்பிடிக்க, அவர் நாள்தோறும் வந்து சாக்கால் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், “ஓடேக்கை ஒருத்தரும் படம் எடுக்க வரேல்லை. இப்ப செத்தவீட்டுப் படமோ எடுக்கப் போறியள்?” என்று கேட்டார்.

அண்ணா கூரையைப் பார்த்தபடி நின்றார். மற்ற ஆலைகளில் கூரையைத் தாங்கும் வளைகள் சதுரமாக அறுத்த பனைமரம். இங்கே நடு வளை உருண்டையாக, ஒரு தலைப்பில் பருத்து மறு தலைப்பில் மெலிந்து இருந்தது. குறுக்கே தேய்ந்த பள்ளங்களும் இருந்தன. அது என்ன தேய்வு என்று கேட்டதற்கு, “எலி கடிச்சது” என்றார் இராசு அண்ணை. இவ்வளவு ஒழுங்காகக் கடிக்கும் எலியென்றால் அதையும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார் அண்ணா. இராசு அண்ணை சிரிக்கவில்லை.

பின்னேர வெயில் யன்னலால் சரிந்து விழும்வரை காத்திருந்து அந்தப் பள்ளங்களை எடுத்தார். பிறகு கடற்கரைக்குப் போய், பாய்க்கப்பலில் தண்டையலாக, அதாவது கப்பல் தலைவராக, இருந்த ஒருவரை அழைத்து வந்து காட்டினார். அவர் ஏணியில் ஏறி விரலால் தடவிப் பார்த்தார். அது பாய்மரம். பள்ளங்கள் கயிறு தேய்ந்தவை. ஆலையைக் கட்டிய குடும்பத்துக்கு ஒரு காலத்தில் கப்பல் இருந்ததை ஊரே அறியும். அது புயலில் போய்விட்டது என்பதுதான் எல்லோரும் சொன்ன கதை. போகவில்லை. ஓட்டம் இல்லாமல் போனபின் கரையில் இழுத்துப் பிரித்து, அந்த மரத்தாலேயே ஆலையைக் கட்டியிருக்கிறார்கள். கப்பலை உடைத்தோம் என்று சொல்லக் கூச்சப்பட்டு அதைப் புயலின் தலையில் போட்டுவிட்டார்கள்.

தண்டையல் போன பின் இராசு அண்ணை வாய் திறந்தார். அவருடைய தகப்பனார் அந்தக் கப்பலில் வேலை செய்தவராம்.

“உதை நீர் கொப்பியிலை எழுதுவீர், என்ன?”

அண்ணா ஓம் என்றார்.

“உடைச்சவை எண்டு எழுதாதையும், தம்பி. வீட்டை கொண்டந்தவை எண்டு எழுதும்.”

அண்ணா அப்படியே எழுதினார். கொப்பியில் அது இருக்கிறது.

எஞ்சினின் பெரிய சக்கரத்தை எடுக்கும்போது சுருளில் கடைசிப் படங்கள். அன்று எனக்குக் கையில் வெட்டுக்காயம். பாரமான கோலை நிமிர்த்திப் பிடிக்க முடியவில்லை. அண்ணா கமராவைச் சரிபார்த்து என்னிடம் தந்துவிட்டு, தான் போய்ச் சக்கரத்தின் அருகில் கோலோடு நின்றார். பத்து வருடத்தில் அவர் கமராவுக்கு முன்னால் நின்றது அந்த ஒரு தடவை. நின்றவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பகிடி வந்தது.

“என்னைப் பாராதேங்கோ அண்ணை, கோலைப் பாருங்கோ” என்றேன்.

“முகம் விழாதே, பிள்ளை?”

“முகம் என்னத்துக்கு? அளவுக்குத்தானே நிக்கிறியள்.”

அவர் சிரித்துக்கொண்டு கோலின் பக்கம் திரும்பினார். நான் எடுத்தேன்.

சுருளைக் கழுவ மருந்து எங்கும் கிடைக்கவில்லை. வெக்கையில் கிடந்தால் படம் மங்கிவிடும் என்று அண்ணா அந்தரப்பட்டார். சித்திரையில் கிளாலிக் கடல் தாண்டி வவுனியாவுக்குப் புறப்பட்டார். கலந்த மருந்து கிடைக்காவிட்டால் தனித்தனி உப்புகளாக வாங்கலாம் என்று நான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். இரசாயனப் பெயர்கள், கிராம் கணக்கு, எதற்குப் பின் எதைக் கலப்பது, எவ்வளவு சூட்டில் கலப்பது என்று வரிசையாக எழுதினேன்.

அவர் திரும்பும் வழியில் இராணுவச் சோதனை நிலையத்தில் பொதிகளைக் கிளறினார்கள். உப்புப் பொட்டலங்கள் மாப் பைக்குள் இருந்தன. அவற்றைக் கண்டிருந்தாலும் ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். பட்டியல் சட்டைப் பையில் இருந்தது. நிறைகளும் கலக்கும் ஒழுங்கும் எழுதிய அப்படி ஒரு தாளை, இந்தக் காலத்தில், ஒரு தமிழ் இளைஞனின் சட்டைப் பையில் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதியபோது எழுத்து நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

எட்டு வருடம் இருட்டறையில் நின்ற அண்ணாவுக்கு அந்த அளவுகள் மனப்பாடம். பட்டியல் அவருக்குத் தேவைப்படவில்லை. நான் எழுதிக் கொடுத்தேன் என்பதற்காகக் கொண்டு போனார்.

பத்தொன்பது நாள் ஒரு கொட்டிலில் வைத்திருந்தார்கள். நுளம்புக்கடி. மருந்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் வாசலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது இது: “ஆக்கினைப்பட்டாலும், பட்டியல் நல்ல வடிவா எழுதியிருக்கெண்டு விசாரிச்சவன் சொன்னவன், பிள்ளை.” அன்றும் அடுத்த நாளும் அதையே இரண்டு மூன்று விதமாகச் சொல்லி என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் கூடி நடுங்கத் தொடங்கினார். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அதற்கு ஏற்ற வேண்டிய ஊசி மருந்து அந்தக் கிழமை எங்கள் பக்கம் இருக்கவில்லை. தேடியவர்கள் தேடினார்கள். அது வந்து சேர்ந்தபோது அண்ணா இல்லை. முப்பத்தாறு வயது.

செத்தவீட்டில் வைக்கப் படம் கேட்டார்கள். அப்போதுதான் அண்ணாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை என்பது தெரிந்தது. வசாவிளானில் நின்றவை நின்றன. அடையாள அட்டையில் இருந்தது போய்விட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அடையாள அட்டைப் படம் எடுத்த மனிதரின் படம் இல்லை. வெறும் குத்துவிளக்கை வைத்தோம்.

மிஞ்சியது வல்வெட்டித்துறைச் சுருள். அதைத் தகர டப்பாவுக்குள் அடைத்து, காய்ந்த நெல்லுக்குள் புதைத்து ஒன்பது மாதம் வைத்திருந்தேன். என்னோடு படித்த ஒருவரின் தம்பி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அவர் கழிவாக ஊற்ற இருந்த மருந்தில் ஒரு போத்தல் தந்தார். அது எக்ஸ்ரேத் தகட்டுக்கான மருந்து. சாதாரணப் பிலிமுக்குக் கடுமையானது. ஒரு தடவைக்குத்தான் போதும். பிழைத்தால் இரண்டாம் தடவை இல்லை. சாமான் அறையின் நீக்கல்களைச் சாக்கால் அடைத்து, மண்பானைத் தண்ணீரில் மருந்தைக் குளிர வைத்து, ஒரு நண்பகலில் கழுவினேன். அம்மா வெளியே கதவோடு நின்று நிமிடத்துக்கு நிமிடம், “தெரியுதே? தெரியுதே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சுருளின் முன்பாதி முழுவதும் கறுத்துவிட்டது. பின்பாதி தப்பியது. பாய்மரத்தின் கயிற்றுப் பள்ளங்கள் ஒன்றொன்றாக எண்ணலாம். சக்கரம் அப்படியே இருக்கிறது. கோலின் கறுப்பு வெள்ளை தெளிவு. அண்ணாவின் கை தெளிவு, நகம்கூடத் தெரிகிறது. முகம் நான் சொன்னபடி கோலின் பக்கம் முழுதாகத் திரும்பியிருக்கிறது. காதும் கன்னத்தின் ஒரு விளிம்பும் விழுந்திருக்கின்றன.

இரண்டு நாள் கழித்து அம்மா வரைதாளையும் பென்சிலையும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். “நீ படிச்சது கீறத்தானே? நான் சொல்லுறன், நீ அவன்ரை முகத்தைக் கீறு.” பெரியம்மாவும் வந்து இருந்தார். நெற்றியில் தொடங்கினோம். மூக்குவரை ஒருவாறு வந்தது. மச்சம் வலக் கன்னத்தில் என்றார் அம்மா. இடக் கன்னத்தில் என்றார் பெரியம்மா. தூக்கி வளர்த்த தனக்குத் தெரியாதா என்று அம்மா கேட்க, தூக்கியது நானும்தான் என்று பெரியம்மா சொன்னார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியவில்லை. கப்பலால் வந்தபின் பதினொரு வருடம் அவர் எதிரில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன். நான் அழிக்க, அம்மா திரும்பச் சொல்ல, நாலு தாள் போயிற்று. ஐந்தாவதில் ஒரு முகம் வந்தது. நல்ல முகம்தான். அம்மா நெடுநேரம் பார்த்தார்.

“உது ஆரோ பெடியன்” என்றார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பின் நான் கற்பனையில் ஒரு கோடும் போடவில்லை. நெகற்றிவைக் கண்ணாடியில் ஒட்டி, முன்னால் ஒரு பூதக்கண்ணாடியை வைத்து, வெயிலை முகம் பார்க்கும் கண்ணாடியால் திருப்பி, சுவரில் விழுந்த உருவத்தை விழுந்தபடியே வரைந்தேன். அச்சகத்தார் அதை மரக்கட்டையில் வெட்டினார். முதற் பக்கத்தில் இருப்பது அதுதான்.

கோல் ஆறடி. அண்ணா அதன் அருகில், அதே தூரத்தில் நிற்கிறார். ஆகவே அவருடைய உயரத்தைக் கணக்கிட முடிந்தது: ஐந்தடி ஏழு அங்குலம். கால் அங்குலம் கூடக் குறைய இருக்கலாம். அம்மா அந்த உயரத்தைக் கதவு நிலையில் கோடு போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் போட்டோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். எங்களுக்கு இருக்க இடம் தந்த புத்தூர் வீட்டார். ஊசி மருந்து தேடிச் சைக்கிளில் ஓடிய அயலவர்கள். எக்ஸ்ரே மருந்து தந்த தம்பி. கொப்பித் தாளிலாவது இந்த மலரை அச்சிட்டுத் தந்த அச்சகத்தார். செய்தி கேட்டு வல்வெட்டித்துறையிலிருந்து வந்து, பாடையில் ஒரு பக்கம் பிடித்த இராசு அண்ணை. எட்டாம் நாளுக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் சமைத்தவர்கள், அஸ்தி கரைக்கக் கீரிமலைக்குப் போக முடியாததால் வேறு கரைக்குக் கூட வந்தவர்கள், இன்று திவசத்துக்கு வந்திருப்பவர்கள். மச்சத்துக்காகச் சண்டை பிடித்த பெரியம்மாவுக்கும் நன்றி. அன்று அம்மா அழாமல் இருந்தது அதனால்தான்.

ஒரு வேண்டுகோள். அண்ணா படம் எடுத்த கலியாண வீடுகளில் வேறு யாராவது ஒரு படம் எடுத்திருக்கலாம். அதன் ஓரத்தில், சாப்பாட்டுப் பந்தியில், கண்ணாடி அலுமாரியின் நிழலில்கூட அவர் விழுந்திருக்கலாம். தயவுசெய்து உங்கள் அல்பங்களை ஒரு தடவை பாருங்கள். படத்தைத் தர வேண்டாம். நான் வந்து பார்த்து வரைந்துகொண்டு போகிறேன்.

இன்றைய நிலை இது. கொப்பி என்னிடம் இருக்கிறது. தப்பிய படங்கள் பதினேழு, நெல்லுக்குள் இருக்கின்றன. அவற்றில் பதினாறு ஆலை, ஒன்று அண்ணா. மச்சம் எந்தப் பக்கம் என்பது இன்னும் தெரியவில்லை.